நம்பர் மட்டும் போதும்

எங்கள் தெருவில் 22 வீடுகள். அதில் 9 வீட்டு வாசலில் கேமரா இருக்கிறது. போன வருடம் ஒரு ராத்திரி தேவைப்பட்டபோது அந்த ஒன்பதில் ஒன்றுகூட ஒரு ஸ்கூட்டரின் நம்பரைச் சொல்லவில்லை.

முத்தியால்பேட்டையில் பெரிய சாலையிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் குறுக்குத் தெருக்களில் எங்களுடையதும் ஒன்று. முனையில் தள்ளுவண்டியில் இட்லிக்கடை போடுகிற பெண் ஒருத்தி. தெரு முழுக்க அவளை 'இட்லிக்கடை அக்கா' என்றுதான் கூப்பிடும், என்னைவிட இருபது வயது சின்னவள் என்றாலும் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். கடையை ஏறக்கட்டிவிட்டு பத்தரை மணிக்கு வீட்டுக்கு நடந்து போனவளை ஒரு ஸ்கூட்டர் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. வலது கால் எலும்பு முறிந்தது.

மறுநாள் காலையில் ஒன்பது வீட்டிலும் பதிவை ஓட்டிப் பார்த்தார்கள். ஸ்கூட்டர் வருகிறது, போகிறது. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வீட்டில் வெள்ளை வெளிச்சம், ஒரு வீட்டில் இழுபட்ட சாம்பல் கோடு, மற்ற வீடுகளில் நகத்தளவு புள்ளி. பெரிதாக்கிப் பார், பெரிதாக்கிப் பார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பெரிதாக்கினால் புள்ளிதான் பெரிதாகும். படத்தில் ஏறாத எழுத்து எங்கிருந்து வரும்?

நம்பர் கிடைப்பதும் கிடைக்காததும் ஆர்வத்துக்கான விஷயம் இல்லை, அதில் பணம் இருக்கிறது. இடித்த வண்டி எது என்று தெரிந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வைத்தியச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் வருமானம், வலி வேதனை எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்கலாம். வண்டி எது என்று தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று உண்டு. இடித்துவிட்டு ஓடிய வண்டியால் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், கொடுங்காயம் பட்டவருக்கு 50,000 ரூபாய். எலும்பு முறிவு கொடுங்காயத்தில் சேரும். அந்த மனுவை நான்தான் எழுதிக் கொடுத்தேன். முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்தில் எழுத்தராக இருந்தவளுக்கு மனு எழுதுவது பெரிய காரியமா என்ன? ஆனால் எழுதும்போதே தெரிந்தது, ஆறு எழுத்து எட்டு எழுத்து கிடைத்திருந்தால் இந்த மனுவே வேறு மாதிரி இருந்திருக்கும் என்று.

அந்த வாரமே கேமரா போடும் தம்பியை வரச் சொன்னேன்.

"எட்டு மெகாபிக்சல் போட்டுடலாம்மா. நைட் விஷன் இருக்கு, தெரு முழுக்கத் தெரியும்" என்றான்.

"தெரு முழுக்கத் தெரிய வேண்டாம் தம்பி. நம்பர் மட்டும் தெரிஞ்சா போதும்" என்றேன். வியாபாரத்தில் அப்படிக் கேட்டவர்கள் இல்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.

நான் படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பிரெஞ்சுப் பள்ளியில். அங்கே கணக்கில் 'ரேகிள் த திருவா' என்று ஒன்று சொல்லித் தருவார்கள். மூன்று எண் தெரிந்தால் நாலாவதைக் கண்டுபிடிக்கும் முறை. வாழ்க்கையில் நான் பாதிக் காரியங்களை அதை வைத்தே ஓட்டியிருக்கிறேன். இதற்கும் அது போதுமானதாக இருந்தது.

வாசலில் சாதாரணமாக மாட்டும் கேமராவின் லென்ஸ் 2.8 மில்லிமீட்டர். 12 மீட்டர் தூரத்தில் அது சுமார் 25 மீட்டர் அகலத்தைப் பார்க்கும். இரண்டு மெகாபிக்சல் கேமரா என்றால் அந்த 25 மீட்டரும் 1920 புள்ளிகளில் அடங்க வேண்டும். ஸ்கூட்டரின் பின்பக்க நம்பர் பிளேட் 20 சென்டிமீட்டர் அகலம். அதன் பங்குக்கு வருவது 15 புள்ளி. பின்பக்க எண்ணின் கோடு 7 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கோட்டுக்குக் கிடைப்பது அரைப் புள்ளி. அரைப் புள்ளியில் 3 ஏது, 8 ஏது? எட்டு மெகாபிக்சல் வாங்கினால் இது இரண்டு மடங்காகும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக 12 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் அதே தூரத்தில் ஐந்தரை மீட்டர் அகலம்தான் தெரியும். எங்கள் தெருவின் அகலமே ஏறக்குறைய அவ்வளவு. பிளேட்டுக்கு 70 புள்ளி கிடைக்கும். படிக்கலாம்.

இரண்டாவது கணக்கு நேரம். 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 8 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக நகரும். ராத்திரியில் வெளிச்சம் போதவில்லை என்று கேமரா தானாகவே ஷட்டரை நீட்டி, விநாடியில் 25-இல் ஒரு பங்கு திறந்து வைக்கும். அந்த நேரத்துக்குள் வாசலைக் குறுக்கே கடக்கும் வண்டி 33 சென்டிமீட்டர் ஓடிவிடும். பிளேட்டின் அகலமே 20 தான். சாம்பல் கோடு வந்த காரணம் அது. ஷட்டரை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று நாமே நிறுத்தி வைத்துவிட்டால் வண்டி நகர்வது 8 மில்லிமீட்டர். கேமராவைத் தெருவுக்குக் குறுக்கே பார்க்க விடாமல், தெருவின் நீளவாக்கில் பார்க்க வைத்தால் இழுபடுவது இன்னும் குறையும்.

மூன்றாவது வெளிச்சம். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நம்பர் பிளேட்டின் மேல் ஒட்டியிருக்கும் தாள், தன்மேல் விழும் வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறவிடாமல், வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட பாதுகாப்பு நம்பர் பிளேட்டுகள் எல்லாம் இந்த வகை. கேமராவின் லென்ஸைச் சுற்றி இன்ஃப்ராரெட் விளக்குகள் இருப்பதால், அந்த வெளிச்சம் பிளேட்டில் பட்டு நேராக லென்ஸுக்கே திரும்பி வருகிறது. சாதாரண கேமரா இருட்டுக்காகக் கண்ணை அகலத் திறந்து வைத்திருக்கும்போது இவ்வளவு வெளிச்சம் உள்ளே வந்தால் என்ன ஆகும்? பிளேட் முழுவதும் வெள்ளையாகப் பூத்துப்போகும். ஒன்பது வீட்டில் ஒன்றில் பார்த்த வெள்ளை வெளிச்சம் அதுதான். ஷட்டரைக் குறுக்கினால் மற்ற எல்லாம் இருண்டுபோய், பிளேட் மட்டும் அளவான வெளிச்சத்தில் நிற்கும். பகையாக இருந்த வெளிச்சமே துணைக்கு வந்துவிடும்.

ஆக மூன்று கணக்கும் ஒரே விடையைத்தான் தருகின்றன. எல்லாவற்றையும் பார்க்கிற கேமரா ராத்திரியில் எதையும் படிக்காது. நம்பரைப் படிக்க வேண்டுமானால் மற்ற எதையும் பார்க்கக் கூடாது.

தம்பி பொறுமைசாலி. வாசல் தூணில் எட்டடி உயரத்தில் கேமராவை மாட்டினோம். மேலிருந்தோ பக்கவாட்டிலோ 30 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் எழுத்து நசுங்கிவிடும் என்பதால் மொட்டை மாடி வேண்டாம் என்றேன். வண்டிகளின் முன்பக்கத்தைப் பார்த்தால் ஹெட்லைட் கண்ணைக் குருடாக்கும், அதனால் கடற்கரையிலிருந்து பெரிய சாலைக்குப் போகும் வண்டிகளின் முதுகைப் பார்க்கும்படி திருப்பினோம். எதிர்த் திசைக்கு எதிர்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டில் இன்னொன்று. ஒரே கேமராவில் இரண்டு திசையும் நடக்காது. தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினோம். இருட்டில் தானாகக் குவியம் தேடி அலையாமல் இருக்க, ராத்திரி ஒன்பது மணிக்கு என் தம்பி பேரனின் ஸ்கூட்டரை 12 மீட்டரில் நிறுத்தி வைத்துக் குவியத்தைக் கையாலேயே சரிசெய்தோம். பிறகு அவனை இருபது தடவை மேலும் கீழும் ஓட்டச் சொன்னேன். பத்தாவது தடவைக்கு மேல் பிரியாணி கேட்டான். வாங்கிக் கொடுத்தேன்.

படம் வந்தது. திரை முழுக்கக் கரும் இருட்டு. அதன் நடுவில் பி.ஒய். 01 என்று தொடங்கும் ஒரு பிளேட், சுவரில் மாட்டிய மாதிரி மிதந்துகொண்டு போனது. வண்டியும் இல்லை, பேரனும் இல்லை.

பார்க்க வந்த அக்கம்பக்கத்தாருக்குப் பெரிய ஏமாற்றம். "என்ன மதாம், ஒண்ணுமே தெரியலையே! கேமரா ரிப்பேரா?" என்று கேட்டார் அடுத்த தெரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கோணமும் வண்டியின் நிறமும் ஆட்களின் உருவமும் வேண்டுமானால் பழைய அகலக் கேமராக்கள் இருக்கின்றன. இரண்டு கேமராவின் கடிகாரமும் ஒன்றாக ஓடினால் போதும், இதில் எந்த நேரத்தில் எந்த நம்பர், அதில் அதே நேரத்தில் எந்த வண்டி என்று சேர்த்துக்கொள்ளலாம். கடிகாரம் இரண்டு நிமிடம் தப்பினாலும் சேர்க்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் இணையத்தின் நேரத்தோடு இணைத்து வைத்தோம்.

சொல்தா இன்னொன்றும் சொன்னார். அவர் மகன் பிரான்சில் இருக்கிறார். அங்கே தனி ஆள் தன் வீட்டுக் கேமராவைத் தெருவைப் பார்க்கத் திருப்பக் கூடாது. தன் சொத்தின் எல்லைக்குள் மட்டுமே படம் எடுக்கலாம், பொதுத் தெரு அரசாங்கத்தின் பொறுப்பு. "இங்க யாரும் கேக்கறதில்ல" என்றார். நம் நாட்டில் 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பு சொன்னது. ஆனால் 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனி ஆள் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தகவலுக்குப் பொருந்தாது என்று விலக்கி வைத்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை என்றால் நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். கேட்க வேண்டிய நாள் மூன்றே வாரத்தில் வந்தது.

எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளி இருப்பவர், ஐம்பது வயது, நல்ல மனிதர். மழைக்காலத்தில் என் வீட்டு மோட்டாரைச் சரிசெய்து கொடுப்பவர். ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்தார். காப்பி குடித்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"அக்கா, பாப்பாவ வேலை முடிஞ்சு எவனோ வண்டியில கொண்டாந்து விடறான். தெரு முனையிலயே இறங்கிடறா. போன செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதே முக்கால். அந்த நம்பர் மட்டும் பாத்துச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

நம்பர் மட்டும். நான் கேமராக்காரத் தம்பியிடம் சொன்ன அதே வார்த்தை.

அவர் மகளுக்கு 22 வயது. தனியார் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். என் வீட்டுப் பெட்டியில் அந்தச் செவ்வாய்க்கிழமை இருந்தது. ஒன்பதே முக்காலும் இருந்தது.

நான் வேலை பார்த்த பிரிவில் பிரெஞ்சுக் காலத்துப் பதிவேடுகள் இருந்தன. பிறப்பு, திருமணம், இறப்பு. 'எத்தா சிவில்' என்போம். பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வந்ததால் அந்த அலமாரிகள் என் பொறுப்பில் இருந்தன. தினமும் யாராவது வருவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமைக்காகத் தாத்தாவின் பிறப்புப் பதிவைத் தேடி வருகிறவர்கள் நிறைய. நடுநடுவே வேறு மாதிரியும் வருவார்கள். பெண் பார்த்த வீட்டில் அப்பா பெயர் பதிவேட்டில் என்ன என்று கேட்டு வருவார்கள், பங்காளிக்கு அந்தக் காலத்தில் இன்னொரு தாரம் உண்டா என்று கேட்டு வருவார்கள். எங்கள் பிரிவுத் தலைவர் மூன்றே கேள்வி கேட்பார்: கேட்பது யார்? எதற்கு? எழுத்தில் இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அலமாரி திறக்காது. வந்தவர் அவருடைய சொந்த மைத்துனராக இருந்தபோதும் திறக்கவில்லை.

நம்பர் பிளேட் என்கிற விஷயமே பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கி வைத்ததுதான். 1893 ஆகஸ்ட் 14 அன்று பாரிஸ் நகரப் போலீஸ் போட்ட உத்தரவில், மோட்டார் வண்டிகள் ஒரு உலோகத் தகட்டில் எண்ணோடு சொந்தக்காரரின் பெயரையும் முகவரியையும் எழுதி மாட்ட வேண்டும் என்று இருந்தது. பெயரையும் முகவரியையும் தெருவில் போகிற எல்லாரும் படிக்கலாம்! இன்று உலகம் முழுக்க எண் மட்டும்தான் வெளியே இருக்கிறது, பெயர் அரசாங்கப் பதிவேட்டுக்குள் போய்விட்டது. எண்ணை யாரும் பார்க்கலாம், அந்த எண் யார் என்பதை அதிகாரமும் காரணமும் உள்ளவர் மட்டுமே கேட்கலாம். நம்பர் பிளேட்டுக்குப் பிரெஞ்சில் இருக்கும் பெயரின் பொருளே பதிவேட்டில் ஏறிய தகடு என்பதுதான். பதிவேடு என்று ஒன்று இருந்தால், அதைத் திறப்பதற்கு ஒரு முறையும் இருந்தாக வேண்டும். என் வீட்டில் மாட்டியிருந்ததும் ஒரு பதிவேடுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"தம்பி, அது விபத்துக்காகப் போட்டது. இதுக்குத் திறக்க மாட்டேன்" என்றேன்.

"நான் அப்பன்க்கா."

"தெரியும். அவ உன் பொண்ணுதான். வண்டியில யாருன்னு அவகிட்டயே கேளு. அவ சொல்ல மாட்டேங்கிறான்னா அதுக்குக் காரணம் என் பெட்டிக்குள்ள இல்ல."

காப்பித் தம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். நாலு மாதம் என்னிடம் பேசவில்லை. அந்த மழைக்கு மோட்டார் கெட்டுப்போனபோது வெளியாள் வைத்துத்தான் சரிசெய்தேன். இப்போது எதிரில் பார்த்தால் தலையசைக்கிறார். பழைய மாதிரி வந்து உட்காருவதில்லை.

அவர் போன அன்று ராத்திரியே ஒரு நோட்டில் நாலு விதி எழுதி, எதிர்வரிசை ஆசிரியரிடம் கொடுத்தேன். அவரும் கையெழுத்துப் போட்டார். ஒன்று, பதிவு 15 நாள்தான் இருக்கும், பிறகு பெட்டி தானாகவே மேலெழுதி அழித்துக்கொள்ளும். எங்கள் கேமராக்கள் ஒவ்வொன்றும் நாளைக்கு ஏறக்குறைய 40 ஜி.பி. எடுக்கின்றன. பெரிய டிஸ்க் வாங்கினால் மாதக்கணக்கில் வைக்கலாம், ஆனால் வைக்க இடம் இருப்பது வைப்பதற்குக் காரணம் ஆகாது. இரண்டு, விபத்து, திருட்டு தவிர வேறு எதற்கும் திறப்பதில்லை. மூன்று, போலீஸ் எழுத்தில் கேட்டால் கொடுப்போம், கொடுத்த தேதியும் நேரமும் நோட்டில் ஏறும். நான்கு, ஆசிரியர் இல்லாமல் நான் திறப்பதில்லை, நான் இல்லாமல் அவர் திறப்பதில்லை.

மூன்றாவது விதிக்கு ஒரு விளக்கம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது கூடவே ஒரு சான்றிதழ் வேண்டும். கருவி எது, பதிவு எப்படி உண்டானது, அந்தக் கோப்பின் ஹாஷ் எண் என்ன என்பதெல்லாம் அதில் வர வேண்டும். செல்போனில் திரையைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புவது தெருச் செய்தியாகும், சாட்சியாகாது. கோப்பை அப்படியே, நேரம் மாறாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இதுவரை அந்த நோட்டில் ஏறியிருப்பது இரண்டே பதிவு. ஒன்று, நிறுத்தி வைத்திருந்த ஆட்டோவை இடித்துவிட்டுப் போன கார். கார் பிளேட்டில் எழுத்து 65 மில்லிமீட்டர் உயரம், கண்ணாடி இல்லாமலே படித்தேன். இன்னொன்று திருட்டுப்போன சைக்கிள். சைக்கிளுக்கு ஏது நம்பர்? அது கிடைக்கவில்லை.

இட்லிக்கடை அக்காவின் மனு வருவாய்த் துறை விசாரணை முடிந்து மேலே போயிருக்கிறது. மாதம் ஒரு தடவை நானே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன். அவள் கடை போட ஆரம்பித்துவிட்டாள், ஆனால் உட்கார்ந்துகொண்டுதான் மாவு ஊற்றுகிறாள்.

உங்கள் தெருவில் இப்படி ஒன்று போடுவதாக இருந்தால் பராமரிப்புக்கும் ஒரு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கடற்கரை ஊரில் உப்புக்காற்று லென்ஸில் படலம் போடும். இன்ஃப்ராரெட் விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். ஒரே ஒரு சிலந்தி நூல் அந்த வெளிச்சத்தில் வெள்ளைக் கயிறு மாதிரி திரை முழுக்கத் தெரியும். ஓய்வூதியம் வரும் நாளில் நான் துடைத்துவிடுகிறேன். மறக்காது.

போன மாதம் ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். நான் இறங்கும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அத்தை, ராத்திரி நான் வர்றதெல்லாம் இதுல பதியுமா?"

"வண்டி நம்பர் பதியும். உன் முகம் பதியாது. பதினஞ்சு நாள்ல அதுவும் அழிஞ்சிடும்."

"அப்பா கேட்டாங்களா?"

"அதெல்லாம் நான் யாருக்கும் சொல்றதில்ல" என்றேன்.